மாதாவுக்குப் பெல்ட், பிள்ளைக்கு மடி

1

நம் பங்குச் சாமியார் போன மாதம் ஒரு கடிதம் போட்டிருந்தார். பங்கு மலருக்கு வெளிநாட்டு அனுபவத்தை நாலு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார். பனி எப்படி இருக்கும், அந்த ஊர் மக்கள் எப்படிப் பழகுவார்கள் என்றெல்லாம் எழுதினால் நம்மவர்கள் ஆசையாகப் படிப்பார்களாம். எழுதுகிறேன் சாமி. பனி வழுக்கும். மற்றதை என் கோபம் எழுதப்போகிறது. அச்சில் ஏற்றுவதும் ஏற்றாததும் உங்கள் இஷ்டம்.

நேற்றுக் காலை என் தம்பி அருளிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. அருள் கூடலூரில் ஜீப் ஓட்டுகிறான். குமுளிக்கும், அதைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்கும் ஆள் ஏற்றிப் போகிறவன். பார்சலில் ஒரு கடிதம், ஒரு போட்டோ, கையால் தைத்த இரண்டு குட்டித் தலையணைகள். ஊரிலிருந்து போட்டோ வந்தால் கடிதத்தை முதலில் படிக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? போட்டோவைத்தான் எடுத்தேன்.

அவனுடைய ஜீப். முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், நான் போன கோடையில் ஊருக்குப் போன ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கொடுத்தனுப்பிய குழந்தை நாற்காலி. இங்கே கனடாவில் அதைக் கார் சீட் என்பார்கள். சிறு பிள்ளைகளைக் காரில் அதில் உட்காரவைத்து, வார் போட்டுப் பூட்டித்தான் கூட்டிப்போக வேண்டும். சட்டமே வந்துவிட்டது. அருளின் மகன் சேவியருக்காக அனுப்பினேன். அவனுக்கு ஒன்றேகால் வயது.

அந்த நாற்காலியில் மாதா சுரூபம் இருந்தது. ஒன்றரை அடி உயரம், நீல முக்காடு, கூப்பிய கை. இரண்டு தோளிலும் வார், இடுப்பின் இரண்டு பக்கமும் வார், நெஞ்சுக்கு நேராகக் கிளிப், அடியில் பூட்டு. ஒரு முறுக்கு இல்லை, ஒரு தொய்வு இல்லை. எங்கள் தொழிற்சாலையில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்குச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தில்கூட இவ்வளவு சுத்தமாக மாட்டியிருக்கவில்லை.

நாற்காலிக்கு அந்தப் பக்கம், கதவில்லாத ஜீப்பின் ஓரத்தில், அருளின் மனைவி லூர்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் சேவியர். ஒரு கை அவன் வயிற்றைச் சுற்றியிருக்கிறது. இன்னொரு கையால் மாதாவைப் பிடித்திருக்கிறாள்.

கடிதத்தை அப்புறம்தான் படித்தேன். “அக்கா, நீ அனுப்புன சீட்டு ரொம்ப உபயோகமா இருக்கு. ஜெபமாலை மாசத்துக்குச் சுரூபத்த எஸ்டேட் லயத்து வீட்டுக்கெல்லாம் கொண்டு போகணும்னு சாமியார் எங்கிட்டக் குடுத்தாக. மலையில ஏறுறப்ப ஆடி விழுந்துருமோன்னு திக்குதிக்குன்னு இருந்துச்சு. கம்பத்துப் பட்டறையில சொல்லி, சீட்டுக்கடியில ரெண்டு இரும்புப் பட்டை வச்சு ஜீப்புத் தரையோட போல்ட்டுப் போட்டுட்டேன். கொண்டை ஊசி வளைவுலகூட அசையல. சாமியார் பாத்துட்டு ஒன்னய ரொம்ப மெச்சுனாக.” கடைசியில் ஒரு வரி. “பிலோமி சீட்டுக்கு லூர்து புதுசாத் தலகாணி தச்சிருக்கா. போன தடவ அனுப்புனது இந்நேரம் அமுங்கிப் போயிருக்கும்னு சொன்னா.”

பத்து நிமிஷம் சமையலறையில் தனியாக நின்று வாய்விட்டுத் திட்டினேன். தம்பியை, லூர்துவை, பட்டறைக்காரனை, மன்னிக்க வேண்டும் சாமி, உங்களையும். சத்தம் கேட்டு என் மகள் பிலோமி வந்தாள். அவளுக்கு மூன்றரை வயது. போட்டோவைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் கேட்டாள், பேபி சீட்டில் ஏன் பொம்மை இருக்கிறது என்று.

“பொம்மை இல்லடி. மாதா.”

“ஹூ?”

இங்கே நாங்கள் பூசைக்குப் போகிற கோவிலில் சுரூபமே கிடையாது. வெள்ளைச் சுவரும் ஒரு மரச் சிலுவையும்தான். அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் பேபி சீட்டில் பேபிதான் இருக்க வேண்டும் என்பது மூன்றரை வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது வயதில் என் தம்பிக்குத் தெரியவில்லை.

காலண்டரைப் பார்த்தேன். பிலோமியின் காறை எலும்பு முறிந்து அன்றோடு சரியாக ஒரு வருஷம்.

2

நான் காமயகவுண்டன்பட்டிக்காரி. கன்னியர் மடத்தில் தையல் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, ஒன்டாரியோவில் ஒரு சின்ன ஊரில் வாழ்கிறேன். என் வீட்டுக்காரருக்குக் காகித ஆலையில் வேலை. எனக்கு வேலை எதில் தெரியுமா? குழந்தை நாற்காலி செய்கிற தொழிற்சாலையில். தோள் வாரின் மேல் மாட்டுகிற உறையைத் தைப்பதும், அதன் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைத் துணிச் சீட்டை வைத்து அடிப்பதும் என் வேலை. நாள் முழுக்க அதே தையல், அதே சீட்டு.

அந்தச் சீட்டில் ஒரே ஒரு வரி அச்சடித்திருக்கும். ‘ஹார்னஸ் மஸ்ட் பீ ஸ்னக்.’ ஹார்னஸ் என்றால் வார்கள் என்று தெரியும். ஸ்னக் தெரியவில்லை. முதல் வாரமே வீட்டுக்கு வந்து கையகல அகராதியைப் புரட்டினேன். ‘இதமான, கதகதப்பான, சொகுசான’ என்று போட்டிருந்தது. அடடா, வெள்ளைக்காரன் பிள்ளைக்கு வார் போடும்போதும் எவ்வளவு கரிசனமாகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இதமாக இருக்க வேண்டுமாம். சொகுசாக இருக்க வேண்டுமாம். அதற்கு மேல் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் இங்கிலீஷ் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்கள் என்று ஒரு வீம்பு. அந்த வீம்பு நாசமாய்ப் போக.

இத்தனைக்கும் எனக்கு அந்த உறையின் மேல் குறையே இருந்தது. இரண்டு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட, உள்ளே தகடு மாதிரி மெல்லிய ஸ்பாஞ்சு. இது என்ன மெத்தை, பிள்ளை தோள் அறுக்காதா என்று தைக்கும்போதெல்லாம் மனசுக்குள் திட்டுவேன். நம் ஊர் இலவம்பஞ்சு வைத்தால் எப்படி இருக்கும்!

லூர்து போடிக்காரி. அவள் பிறந்த வீட்டில் இலவம்பஞ்சு வியாபாரம். காய் உடைத்து, கொட்டை பிரித்து, பஞ்சு அடித்து, மெத்தையும் தலையணையும் தைத்து விற்கிறவர்கள். அவளுக்கு எழுதினேன், பிலோமியின் நாற்காலி வார் தோளில் உறுத்துகிறது, சின்னதாக இரண்டு தலையணை தைத்து அனுப்பு என்று. அனுப்பினாள். பூப்போட்ட சீட்டித் துணியில், உள்ளங்கை அளவில், முகத்தில் வைத்தால் தூக்கம் வருகிற மாதிரி இரண்டு தலையணை. அதை வாருக்கும் தோளுக்கும் நடுவில் வைத்தேன்.

அத்தோடு விட்டேனா? வாரையும் தளர்த்தினேன். நம் ஊரில் பிள்ளைக்கு அரைஞாண் கயிறு கட்டும்போது என்ன சொல்வோம்? “வளர்ற பிள்ள, தளர்வாக் கட்டு.” சட்டை எடுத்தாலும் அதே பேச்சுதான், இரண்டு அளவு பெரிதாக எடுப்போம். இறுக்கிக் கட்டுவது புல்லுக்கட்டுக்கும் ஜீப் கூரையில் ஏற்றுகிற மூட்டைக்கும். பிள்ளையை யாராவது இறுக்கிக் கட்டுவார்களா? என் கை முழுசாக வாருக்குள் போய் வருகிற மாதிரி வைத்திருந்தேன். பிலோமி அதற்குள் சாய்ந்து, தலையணையில் கன்னம் வைத்துத் தூங்குவாள். பார்க்க அவ்வளவு ஸ்னக்காக இருக்கும்.

3

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் அருளிடம்கூடச் சொன்னதில்லை. அப்போது அவன் அரை டவுசர் போட்ட சின்னப் பையன்.

எனக்குப் பதினாறு வயது. வண்டிப்பெரியாறில் இருந்த அத்தை வீட்டுக்குப் போகக் கூடலூரில் ஜீப் ஏறினேன். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் பின்னால் அடைந்திருந்தார்கள். முன்னால் டிரைவரோடு சேர்த்து நாலு பேர். நான் ஓரத்திலிருந்து இரண்டாவது. எடுக்கிற நேரத்தில் ஒரு பெண் கைப்பிள்ளையோடு ஓடி வந்தாள். உட்கார இடமில்லை. படியில் நின்றுகொள்கிறேன் என்றாள்.

டிரைவர் என்னைப் பார்த்து, “ஆத்தா, பிள்ளைய நீ மடியில வச்சுக்க. இந்தா இருக்கு குமுளி” என்றான்.

வைத்துக்கொண்டேன். நல்ல கனமான பிள்ளை. என் சங்கிலியைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. லோயர் கேம்ப் தாண்டி மலையில் மூன்றாவதோ நாலாவதோ வளைவு. எதிரே ஒரு லாரி. டிரைவர் பிரேக்கை மிதித்தான். நான் பிள்ளையைக் கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். இன்று வரைக்கும் சொல்வேன், கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். ஆனால் என் இரண்டு கையும் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றன. எப்போது பிள்ளையை விட்டன, எப்போது கம்பியைப் பிடித்தன, எனக்குத் தெரியாது. உடம்பு தன்னைத்தான் முதலில் காப்பாற்றிக்கொள்ளும் போலிருக்கிறது. பிள்ளையின் தலை அதே கம்பியில் மோதியது.

ஜீப்பைத் திருப்பிக் கம்பத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அத்தை வீட்டுக்குப் புறப்பட்டு அதே ஸ்டாண்டில் நின்றேன். அந்தப் பெண் வந்தாள். கையில் தூக்குச்சட்டி மட்டும் இருந்தது. அதே டிரைவர் சொன்னான், “ஏறு ஆத்தா, நேரமாச்சுல்ல.” அவள் ஏறினாள். என்னைப் பார்த்தாள்.

ஒருவரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. டிரைவரைக் கேட்கவில்லை, தோட்டத்து மேஸ்திரியைக் கேட்கவில்லை. “அவ விதி” என்றார்கள். பிள்ளை பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த நாலு பேர் உட்காரும் சீட்டில் அடுத்த நாளும் நாலு பேர் உட்கார்ந்து போயிருப்பார்கள், நடுவில் யார் மடியிலாவது ஒரு பிள்ளை இருந்திருக்கும்.

4

போன வருஷம் அதே நாளில், பூசை முடிந்து காரில் வந்துகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் ஓட்டினார். வேகம் ஒன்றுமில்லை, நம் ஊர் மாட்டுவண்டி வேகத்துக்குக் கொஞ்சம் மேலே. முனையில் நிறுத்தப் பிரேக் போட்டார். தரையில் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. கார் நிற்காமல் தானாகச் சறுக்கிக்கொண்டே போய் ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டியது. எங்களுக்கு ஒன்றுமில்லை. காருக்கே ஒரு நசுங்கல்தான்.

பின்னாலிருந்து பிலோமியின் அலறல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வார் இரண்டும் அவள் முழங்கையில் கிடந்தன. தோளை விட்டு அவை கழன்றதில், முன் சீட்டின் முதுகில் போய் இடித்திருக்கிறாள். தலையணை இரண்டும் அப்பளமாக அமுங்கிக் கிடந்தன.

ஆஸ்பத்திரியில் காறை எலும்பு முறிந்திருப்பதைப் படம் எடுத்துக் காட்டினார்கள். கட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு கோப்போடு ஒரு பெண் வந்தாள். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வருகிறாளாம். நான் அவளுக்குக் கோப்பம்மா என்று பெயர் வைத்தேன். என் முழுப்பெயர் அந்தோணியம்மாள். அதை எழுதுவதற்குள் அவள் பேனா மூன்று முறை நின்றது. கடைசியில் ‘ஆன்’ என்று எழுதிக்கொண்டாள்.

“வார் ஸ்னக்காக இருந்ததா?” என்று கேட்டாள்.

எனக்குப் பெருமை. எனக்குத் தெரிந்த வார்த்தை வந்துவிட்டதே! “எஸ், வெரி வெரி ஸ்னக். ஐ புட் பில்லோ ஃபார் ஸ்னக்” என்றேன். கையை முழுசாக உள்ளே விட்டு எடுக்கிற மாதிரி ஆட்டியும் காட்டினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், எழுதினாள். அப்புறம் நிமிர்ந்து கேட்டாள், நான் விளையாடுகிறேனா என்று. குழந்தையைச் சரியாகக் கட்டினாயா என்பதற்கு நான், “கொஞ்சமாகத்தான் கட்டினேன், பாவம், வளர்கிற பிள்ளை” என்று இங்கிலீஷில் சொன்னது அவளுக்கு எப்படிக் கேட்டதோ, வீட்டில் பிள்ளையைக் கட்டிப்போடுவது உண்டா என்று அடுத்த கேள்வி. இந்தத் தாளிலும் எழுத எனக்குக் கை கூசுகிறது. என் பிள்ளையை நான் கட்டிப்போடுகிறேனாம்.

மூன்று மாதம், வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்தாள். ஃப்ரிஜ்ஜைத் திறந்து பார்த்தாள். பிலோமியின் கட்டிலைக் குனிந்து பார்த்தாள். நான் பக்கத்தில் வேலைக்காரி மாதிரி நின்றேன். இன்னொரு முறை இப்படி நடந்தால் பிள்ளையை வேறு வீட்டில் வைக்க நேரிடும் என்று வாசலில் நின்று, மழை வரும் போலிருக்கிறது என்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனாள். அன்று அவள் கார் தெருமுனை தாண்டும் வரை பிலோமியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். கட்டுப் போட்ட தோள் வலித்து அவள் அழுதபோதுதான் விட்டேன்.

தொழிற்சாலையில் செய்தி பரவிவிட்டது. எங்கள் மேற்பார்வைக்காரி டோரத்தி என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டாள். நான் தைத்த உறை ஒன்றை எடுத்து, துணிச் சீட்டைக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்றாள். சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

“நாய்க்குட்டி போர்வைக்குள் ஸ்னக்காக இருக்கிறது என்றால் நீ சொல்கிற அர்த்தம். வார் ஸ்னக்காக இருக்க வேண்டும் என்றால் உடம்போடு ஒட்டி, இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அர்த்தம். காறை எலும்புக்கு மேலே, வாருக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டாவது விரல் நுழையக் கூடாது. இந்த உறை சொகுசுக்காக வைத்ததில்லை ஆன், கழுத்துத் தோல் உரசாமல் இருக்க வைத்தது. வாருக்கும் உடம்புக்கும் நடுவில் நீ எதை வைத்தாலும், இடிக்கிற நேரத்தில் அது அமுங்கிப்போகும். அமுங்கினால் வார் தளர்ந்துவிடும். தடிக் குளிர்கோட்டுகூடக் கூடாது. கழற்றிவிட்டு வாரைப் பூட்டு, கோட்டை அதற்கு மேலே போர்த்து.”

அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் முறை என் கையாலேயே தைத்திருப்பேன்!

டோரத்தி மேல் கோபம், முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று. அகராதிக்காரன் மேல் கோபம். கோப்பம்மா மேல் இருந்த கோபம் இன்னும் தீரவில்லை, தீராது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் பிலோமிக்காகக் கேட்டது. ஜீப்பில் என் மடியில் இருந்த அந்தப் பிள்ளைக்காக ஒரு ஆள் ஒரு கேள்வி கேட்டிருந்தால்? அந்தக் கேள்வியில் நான் கூனிக் குறுகிப் போயிருந்தாலும் சரிதான், கேட்டிருக்கலாம்.

5

ஊருக்கு எழுதும்போது நான் என்ன எழுதினேன் தெரியுமா? “பிலோமி பனியில் வழுக்கி விழுந்துவிட்டாள். கையில் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.”

தலையணையைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. லூர்து மனசு நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். கார் சீட் தைக்கிறவள் கார் சீட்டில் பிள்ளையை ஒழுங்காக உட்காரவைக்கவில்லை, கவர்மெண்டு ஆள் வந்து ஃப்ரிஜ்ஜைத் திறந்து பார்க்கிறது என்று ஊரில் தெரிந்தால் என் மானம் போகும். அதுதான் நிஜம். கோடையில் சேவியருக்கு நாற்காலி அனுப்பினபோதும், “பிள்ளையைப் பத்திரமாக உட்கார வையுங்கள்” என்று ஒரே வரிதான். ஏன் அனுப்புகிறேன், எப்படிப் பூட்ட வேண்டும், என்ன நடந்தது, ஒன்றும் எழுதவில்லை. ஜீப்பில் பெல்ட் கிடையாதே, நாற்காலியை எதில் மாட்டுவான் என்று யோசிக்கக்கூட இல்லை. அவன் யோசித்திருக்கிறான். போல்ட்டுப் போட்டிருக்கிறான், சுரூபத்துக்காக.

நேற்று அந்தப் புதுத் தலையணைகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நுணுக்கமான தையல்! ஓரத்தில் ‘பி’ என்று பிலோமிக்காகச் சிவப்பு நூலில் போட்டிருந்தாள். என் பிள்ளையின் எலும்பை முறித்த அதே பஞ்சை, நன்றாக அடித்து, இன்னும் புசுபுசுவென்று, அன்பாகத் தைத்து அனுப்பியிருக்கிறாள். அவள்மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? அவளுக்கு யார் சொன்னார்கள்?

6

இன்று காலை கூடலூர் ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற மருந்துக்கடைக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். அருளையும் லூர்துவையும் கூட்டிவரச் சொல்லி, அரை மணி கழித்துத் திரும்பப் போட்டேன். அருள் எடுத்தான். பின்னால் ஜீப் ஹார்ன் சத்தம்.

“என்னக்கா, எல்லாரும் நல்லா இருக்கீகளா? போட்டோ பாத்தியா?”

“பாத்தேன். ஏலே, சீட்டு யாருக்கு அனுப்புனேன்?”

அவன் சிரித்தான். “சேவியரு அதுல இருக்க மாட்டேங்கான்க்கா. கட்டிப் போட்டாப்புல இருக்குன்னு அழுகுறான். லூர்து மடியிலதான் சொகமா இருக்கான். சும்மா கெடக்கேன்னுதான் மாதாவ வச்சேன். சுரூபம் சுண்ணாம்புல செஞ்சதுக்கா. விழுந்து ஒடைஞ்சா சாமியாருக்கு என்ன பதில் சொல்றது?”

“பிள்ள ஒடைஞ்சா யாருக்கு பதில் சொல்லுவ?”

போனில் என் குரலே எனக்குத் திரும்பிக் கேட்டது. அவன், “என்னக்கா இப்பிடிப் பேசுற, நான் ஓட்டுற வண்டியில” என்று ஆரம்பித்தான்.

“ஓட்டுறது நீதான். லாரி எதுத்தாப்புல வந்தா பிரேக்கு போடுறதும் நீதான். போன லூர்துட்டக் குடு.”

லூர்து வந்தாள். “மதினி, தலகாணி வந்துச்சா? பிலோமிக்குப் பிடிச்சிருக்கா?”

எப்படிச் சுற்றிவளைத்துச் சொல்வது என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது. சொல்லிவிட்டேன். பிலோமி பனியில் விழவில்லை, காரில் இடித்தது, வாருக்கடியில் உன் தலையணையை வைத்திருந்தேன், வாரைத் தளர்த்தியும் வைத்திருந்தேன், எலும்பு முறிந்தது, பிள்ளையைக் கொண்டுபோய்விடுவோம் என்றார்கள், உங்களிடம் மறைத்தேன். வாருக்கடியில் இத்தனை விரல்தான் நுழையலாம் என்று டோரத்தி சொன்னதையும், ஜீப்பில் என் மடியில் இருந்த பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். கெட்டியாகப் பிடித்திருந்தேன் லூர்து என்று இரண்டு தடவை சொன்னேன்.

மருந்துக்கடையில் யாரோ மாத்திரை பெயர் சொல்லிக் கேட்பது காதில் விழுந்தது. லூர்து பேசியபோது அவள் குரல் நான் கேட்டறியாத குரலாக இருந்தது.

“எலவம்பஞ்சு அமுங்கும்னு எனக்குத் தெரியாதா மதினி? பொறந்ததுலருந்து அதுலதான் கெடந்தேன். ஆறு மாசத்துல அமுங்கிரும், நின்னு மிதிச்சா ஒரு நிமிசத்துல அமுங்கிரும். வாருக்கடியில வைக்கிறதுன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா, வேணாம்னு நானே சொல்லியிருப்பேன்ல? உறுத்துதுன்னுதான எழுதுனீக. நான் சாயுறதுக்குன்னு நெனச்சேன்.”

“ஆமா.”

“வருசம் ஒண்ணாச்சு. இப்பச் சொல்றீக. இந்த ஒரு வருசமா எம்பிள்ளைய மடியில வச்சுக்கிட்டுத்தான மலையேறி எறங்குறேன்? ஒங்க மானம் பெருசாப் போச்சுல்ல?”

நேற்றிலிருந்து ஊரையெல்லாம் திட்டித் தீர்த்தேன். திட்ட வேண்டிய ஆளைச் சரியாகத் திட்டியவள் அவள் ஒருத்திதான்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள், “எத்தன வெரல் நொழையணும்னு சொன்னீக?”

“ஒண்ணு.”

“என் வெரலா, அவுக வெரலா?”

அருளின் விரலை எனக்குத் தெரியும். ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து மூங்கில் கணு மாதிரி தடித்த விரல். அந்த விரல் நுழைந்தால் இவள் விரல் இரண்டு நுழையும். டோரத்தியும் கோப்பம்மாவும்கூட இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

“ஒன் வெரல். அவனப் பூட்ட விடாத. நீயே பூட்டு. அழுதாலும் தளத்தாத.”

“அழட்டும்” என்றாள். பிறகு ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு அருளிடம் ஏதோ சொன்னாள். அவன் சுரூபம், சாமியார், லயம் என்று ஏதோ முணுமுணுப்பது கேட்டது. அவள் கையை எடுத்துவிட்டாள், எனக்கும் கேட்கட்டும் என்றுதானோ என்னவோ.

“பிள்ளைய மொதல்ல சீட்டுல தூக்கி வையிங்க. மாதாவ நான் மடியில வச்சுக்கிறேன்.”